ஒத்தக்கால் வெள்ளையும் ஒஸ்தா மாமாவும்

"நோகும் மகன். அதில பொய் இல்ல. ஆனா குதிர கோட்டத் தாண்டுறதுக்குள்ள முடிஞ்சிரும்."

கல்முனைப் பக்கத்தில் இன்றைக்கு ஐம்பது வயதைத் தொட்ட பல ஆண்களுக்கு இந்த வார்த்தை மறந்திருக்காது. சுன்னத்துக் கல்யாணத்தன்று வீட்டிலுள்ள அத்தனை பேரும் பொடியனுக்குப் பொய் சொல்வார்கள். எறும்பு கடிக்கிற மாதிரித்தான் என்பார் வாப்பா. ஒஸ்தா சும்மா பார்த்துவிட்டுப் போய்விடுவார் என்பார் உம்மா. பொய் சொல்லாத ஒரே ஆள், கையில் கத்தியோடு வந்து முன்னால் குந்துகிறவர்தான்.

ஒஸ்தா என்றால் எங்கள் ஊர்களில் முடி வெட்டுகிறவர், சவரம் செய்கிறவர், பொடியன்மாருக்குச் சுன்னத்து வைக்கிறவர். அவருக்கும் பெயர் ஒன்று இருந்தது. அடையாள அட்டையில் தவிர வேறெங்கும் அதை நான் கண்டதில்லை. சின்னவர்களுக்கு ஒஸ்தா மாமா, பெரியவர்களுக்கு வெறும் ஒஸ்தா. மெலிந்த ஆள். முழங்கை வரை மடித்த வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட சாறன், காதில் ஒரு துண்டுப் பென்சில். பென்சிலால் அவர் எதையும் எழுதி நான் பார்த்ததில்லை. "எழுதுறவன் வந்து கேட்டாக் குடுக்கலாம்" என்பார்.

அவருடைய வாய்க்கு நான் அடிமை. கதிரையில் ஆளை உட்காரவைத்துக் கன்னத்தில் சவர்க்காரம் பூசிவிட்டுச் சொல்வார்: "சிரிக்காதீங்க காக்கா. இப்ப நீங்க சிரிச்சா மறுகா நாம ரெண்டு பேரும் அழணும்." கத்தி தீட்டும்போது: "கத்திக்கு வெக்கம் இல்ல. கைக்குத்தான் வேணும்." பேரம் பேசுகிறவரிடம்: "பாதி விலைக்குப் பாதித் தாடிதான் வரும். எந்தப் பக்கம் வேணும் எண்டு செல்லுங்க."

இப்படிப்பட்டவருக்கு இங்கிலாந்துக் குதிரைகளோடு என்ன கொடுக்கல் வாங்கல் என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் அவருடைய தொழில் நுட்பமே இருந்தது.

சுன்னத்து வைக்கும்போது பொடியன் அசையக்கூடாது. கண் கீழே போகக்கூடாது. மற்ற ஊர் ஒஸ்தாமார் அந்தா காகம், அந்தா கிளி என்று காட்டுவார்கள். இல்லாத கிளியைத் தேடிவிட்டு, தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று தெரிந்த கணத்தில் பொடியன் துள்ளுவான். நம்முடைய ஆள் கிளி காட்டமாட்டார். குதிரைப் பந்தயம் ஒன்றைத் தொடக்கம் முதல் முடிவு வரை சொல்வார். எத்தனை குதிரை நிற்கிறது, எது எந்த நிறம், மழையா வெயிலா, வளைவில் எது முந்தியது. பொடியனுடைய கண் சுவருக்கு மேலே எங்கோ ஓடும். குதிரை முடிவுக் கோட்டைத் தாண்டும்போது வேலையும் முடிந்திருக்கும். முதலில் சொன்ன வாக்கு அந்த அளவுக்குத் துல்லியம்.

அவர் சொல்லும் பந்தயங்கள் உண்மையில் ஓடியவையாக இருக்கவேண்டும். "பொய் ஓட்டம் செல்லக்குள்ள எண்ட கை எனக்குக் கேக்காது" என்பார். முன்பு அவருக்கு ரேஸ் பக்கம் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்த பெரியவர் மௌத்தாகிப்போக, அந்த வேலை எனக்கு வந்தது. அப்போது நான் கல்முனை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பேப்பர்க் கடையில் நின்றேன். கொழும்பு இங்கிலீஷ் பேப்பர் பின்னேர பஸ்ஸில் வரும். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். மெதடிஸ்ட் கோயில் பக்கத்து மாஸ்டர் ஒருவர் தந்த அட்டை கிழிந்த அகராதியை வைத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டிக் கூட்டி அவருக்கு ரேஸ் பக்கம் வாசித்தேன். நான் படித்த இங்கிலீஷ் எல்லாம் குதிரை இங்கிலீஷ்தான். பிற்காலத்தில் ஒரு கந்தோருக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போய், உன் பலம் என்ன என்று கேட்டபோது, பந்தயத்தின் கடைசி இருநூறு கெஜம் என்று என் வாயில் வந்தது. வேலை கிடைக்கவில்லை.

எழுபத்தெட்டில் சூறாவளி அடித்ததற்கு அடுத்த வருடம் பேப்பரில் ஒரு படம் வந்தது. கபிலக் குதிரை, வலது பின்கால் மட்டும் வெள்ளை. அதற்கு இங்கிலீஷில் நீளமாக ஒரு பெயர் இருந்தது. ஒஸ்தா மாமா படத்தை வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது ஒத்தக்கால் வெள்ள" என்றார். அன்றிலிருந்து அதுதான் பெயர்.

மூன்று வருடம் அது ஒரு தரமும் தோற்கவில்லை. அதன் ஒவ்வொரு வெற்றியும் எங்கள் ஊரில் சில பொடியன்மாருடைய வெற்றியானது. சேற்றில் மற்றக் குதிரைகள் வழுக்க, இது வேலி ஓரமாகப் புல் மிச்சமிருந்த இடத்தைத் தானாகவே தேடிப் போய் வென்றது ஒரு தரம். அதைக் கேட்டு அறுபட்டவன் மழை ஓட்டத்தான். மூன்று குதிரைகள் ஒன்றாக வந்து, யார் முதல் என்று போட்டோ கழுவிப் பார்த்துத்தான் சொன்னார்கள் ஒரு தரம். அவன் போட்டோ ஓட்டத்தான். ஆனி மாதப் பெரிய பந்தயத்தில் பள்ளத்தில் இறங்கி, வளைவில் ஏழாவதாகக் கிறுகித் திரும்பி, மேட்டில் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வந்து வென்றது. அந்த ஓட்டம் யாருக்கு என்று இரண்டு வீட்டுக்காரர் மனத்தாங்கல் பட்டதும் உண்டு. கடற்கரையில் பந்தடிக்கும்போது, "மழை ஓட்டம், இஞ்சால அடிடா" என்று கூப்பிடுவார்கள். ஏன் அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று வெளியூரானுக்கு விளங்காது.

ஒரே குடும்பத்தில் ஒரு ஓட்டத்தை அவர் இரண்டு தரம் சொல்வதில்லை. அண்ணன் தம்பிமார், மச்சான்மார் எல்லாம் கதைத்துவைத்திருப்பார்கள். "முடிவு தெரிஞ்ச ஓட்டத்துக்கு எவன் கண்ணத் தூக்குவான்?" என்பது அவர் நியாயம்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் ரேஸ் கடை ஒன்று இருந்தது. இங்கிலாந்தில் ஓடுகிற குதிரைக்கு இங்கே காசு கட்டுகிற இடம். அங்கே போகிறவர்கள் ஒஸ்தா மாமாவைக் குடைவார்கள்.

"ஒஸ்தா, இந்தக் கிழம எதுக்கு வெக்கலாம்?"

"தொப்பிய வைங்க தலையில. தலையாவது மிஞ்சும்."

"இவ்வளவு தெரிஞ்ச ஆள் ஒரு தரமும் வெக்கல்லயா? யாருக்குச் செல்றீங்க?"

"அது ஓடுறது அதுட கொள்ளுக்கு. நீ ஏன் உண்ட சோத்த அதுட முதுகுல ஏத்துற?"

அவர் ஒரு சதம் வைத்ததில்லை. பக்கத்தில் நின்றவன் நான், எனக்குத் தெரியும். வாலிபத்தில் ஒரு சித்திரை மாதம் நுவரெலியாவில் ஒரு சலூனில் கைவேலைக்கு நின்றிருக்கிறார். அங்கே பந்தயம் நடந்தபோது உள்ளே போக வழியில்லாமல் வேலிக்கு வெளியே நின்று பார்த்தாராம். "தலயள் மட்டும்தான் கண்ட தம்பி. காலக் காணல்ல. காலில்லாம காத்துல போற மாதிரி போச்சு." அவர் கண்ணால் கண்ட குதிரைப் பந்தயம் அவ்வளவுதான். மிச்சமெல்லாம் பேப்பர்.

ஆனால் ஊருக்கு இது எப்படித் தெரியும்? சனிக்கிழமை பின்னேரங்களில் ரேஸ் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு இரண்டு பேர் குனிந்து நிற்பதைத்தான் ஊர் பார்த்தது. கதை பள்ளிவாசலுக்குப் போனது.

எங்கள் குடிக்கு, அதாவது எங்கள் வம்சத்துக்கு, மரைக்காராக இருந்தவர், பள்ளிவாசல் காரியங்களைப் பார்க்கிற பெரியவர், கடுமையான மனிதர். அவருடைய கடுமைக்குக் காரணமும் இருந்தது. வரிப்பத்தான்சேனையில் அவருடைய தம்பிக்கு இருந்த வயல் முழுவதும் அந்த ரேஸ் கடை வாசலால்தான் உள்ளே போய்த் திரும்பாமல் போனது. தம்பி ஊரை விட்டே போய்விட்டார். அதற்குப் பிறகு மரைக்கார் குதிரைப் படம் போட்ட நெருப்புப் பெட்டியைக்கூட வீட்டுக்குள் விடமாட்டார் என்று சொல்வார்கள்.

ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு ஒஸ்தா மாமாவைக் கூப்பிட்டுவிட்டார். நானும் பின்னால் போய்த் தூணோரம் நின்றேன்.

"ஓய் ஒஸ்தா, சூது வெக்கிறீரா?"

"இல்ல மரைக்கார். அல்லாஹ் அறிய ஒரு சதம் வெச்சதில்ல."

"அப்ப என்னத்துக்குக் குதிரப் பேப்பர்?"

"பொடியனுகளுக்கு."

"சுன்னத்து வெக்கிற இடத்துல சூதாட்டக் கதையா? பிஸ்மி செல்ற வாயால குதிரயா?"

"பிஸ்மியும் செல்றன் மரைக்கார். பிஸ்மி அல்லாஹ்வுக்கு. குதிர பொடியனுக்கு."

யாரோ ஒருவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புத்தான் காரியத்தைக் கெடுத்தது. மரைக்காருடைய முகம் இறுகியது. "இனி ஒரு வீட்டுல குதிரக் கதை கேட்டா, இந்த ஊருல ஒரு வீடும் உம்மக் கூப்பிடாது. ஒண்டு கத்தி, இல்லாட்டிக் குதிர. எது எண்டு நீர் பாரும்."

ஒஸ்தா மாமாவுக்குக் கத்தியை விட்டால் வேறு வழியில்லை. குதிரையை விட்டார்.

அடுத்து அவர் போனது நற்பிட்டிமுனையில் ஒரு வீடு. குதிரைக் கதைக்குப் பதிலாகச் சலவாத்து ஓதிக்கொண்டு வேலையைத் தொடங்கியிருக்கிறார். பொடியன் பாதியில் குனிந்து பார்த்துத் துள்ளிவிட்டான். பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ரத்தம் கட்ட நேரமெடுத்தது. உம்மாமார் பயந்துவிட்டார்கள். ஒஸ்தாவுக்குக் கை நடுங்குதாம் என்று கதை ஒரே கிழமையில் சம்மாந்துறை வரை போய்விட்டது. ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டர் மாத்தயா ஊசி போட்டு நோகாமல் செய்கிறாராம் என்றும் கூடவே போனது. பேசிவைத்திருந்த இரண்டு வீடுகள் சத்தமில்லாமல் நாளை மாற்றிக்கொண்டன. அவர் கதிரைக்குச் சவரத்துக்கு வந்தவர்கள்கூடக் கழுத்தைக் கொடுக்குமுன் அவருடைய விரல்களை ஒரு தரம் பார்த்தார்கள். அவர் வாயில் பழமொழி வருவது நின்றுபோனது. எனக்கு அதுதான் பெரிய துக்கம்.

பேப்பர் வாசிப்பை மட்டும் அவர் விடவில்லை. "செல்லக் கூடா எண்டுதான் செல்லிரிக்கி. கேக்கக் கூடா எண்டு செல்லல்லயே" என்றார்.

அந்தக் காலத்தில்தான் மரைக்காருடைய பேரனுக்குச் சுன்னத்து. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று மகள் கெஞ்சினாள். மரைக்கார் ஒத்துக்கொள்ளவில்லை. குடிக்கு உரிய ஒஸ்தா இருக்க வெளியே போவது முறையில்லை என்றார். குதிரையைத் தடுத்த அதே முறைதான் ஒஸ்தாவைக் கூப்பிடவும் வைத்தது. ஆனால் எல்லாருக்கும் தெரியும்: அந்த வீட்டில் இன்னொரு தரம் கை பிசகினால், ஒஸ்தா மாமா அதற்குப் பிறகு கத்திப் பெட்டியைத் திறக்க வேண்டியதில்லை.

முதல்நாள் பின்னேரப் பேப்பரில் அந்தச் செய்தி வந்தது. நான் ஒருமுறை வாசித்துவிட்டு, மொழிபெயர்க்காமல் இருந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"தோத்திட்டா?"

"ஓம் மாமா. ஒரு கழுத்தளவு வித்தியாசம்தான். மூணு வயசுச் செவலக் குட்டி ஒண்டு முந்திட்டு. நம்மடதுக்கு வயசு கூட எண்டு பாரமும் கூடப் போட்டிருக்காங்க. இனி ஓட விடமாட்டாங்களாம்."

"கடைசி வரைக்கும் ஓடினதா?"

"கடைசி வரைக்கும்."

"அப்ப சரி" என்றார். பக்கத்தை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்துவிட்டார்.

மறுநாள் காலை மரைக்கார் வீட்டில் தெருவே கூடிவிட்டது. நெய்ச்சோற்று வாசம். வெளியே பட்டாசுச் சரம் கட்டி வைத்திருந்தார்கள். பொடியன் வெள்ளைத் துணி உடுத்து, பூமாலை போட்டு, கவிழ்த்த உரலில் இருந்தான். பொடியனைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள வேண்டியவர் தாய்மாமன். அவர் சவூதியில். ஆகையால் மரைக்காரே பின்னால் குந்திப் பேரனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

ஒஸ்தா மாமா முன்னால் குந்தினார். பெட்டியைத் திறந்தார். "நோகும் மகன். அதில பொய் இல்ல" என்றார். அத்தோடு நிறுத்திவிட்டார்.

பொடியன் காத்திருந்தான். "மற்றது?" என்றான்.

"மற்றது என்ன மகன்?"

"குதிர. குதிர கோட்டத் தாண்டுறதுக்குள்ள எண்டு செல்லணும். காக்கா செல்லித் தந்தவர். எனக்கும் ஒத்தக்கால் வெள்ள வேணும்."

காக்கா என்றது அவன் அண்ணனை. பொடியன் மூத்தாப்பாவின் கைக்குள் நெளியத் தொடங்கினான். காலை உதைத்தான். குதிரை இல்லாமல் மாட்டேன் என்றான். உள்ளே பெண்கள் பக்கத்தில் அவன் உம்மா அழுகிற சத்தம் கேட்டது. கத்தியைத் துணிமேல் வைத்துவிட்டு ஒஸ்தா மாமா இரண்டு கையையும் தொடைமேல் வைத்துக்கொண்டார். அந்தக் கைகள் நடுங்கவில்லை. ஆனால் கத்தியை எடுக்கவும் இல்லை.

மரைக்கார் பேரனுடைய தோளுக்கு மேலால் அவரைப் பார்த்தார்.

"செல்லும்" என்றார் மரைக்கார்.

"மரைக்கார், உங்கட குடும்பத்துப் பொடியனுகளுக்கு எல்லா ஓட்டமும் செல்லி முடிஞ்சி. மிச்சம் இரிக்கிறது ஒண்டுதான். அது..." என்று இழுத்தார்.

"எதெண்டாலும் செல்லும் ஓய். புள்ள நெளியிறான்."

ஒஸ்தா மாமா கத்தியை எடுத்தார்.

"மகன், அந்தா சுவருக்கு மேல பாருங்க. பச்சப் புல்லு. பதினொரு குதிர நிக்கிது. நம்மட ஆள் எது?"

"கால் வெள்ள."

"எந்தக் கால்?"

"பின்கால். வலது."

"ஓம். இண்டைக்கு அதுட முதுகுல பாரம் கூட. பக்கத்துல நிக்கிற செவலைக்கு வயசும் கொற, பாரமும் கொற."

"அது ஞாயமில்லயே."

"அவனுகள்ட சட்டம் அப்பிடி. பெரியவன் கூடச் சுமக்கணும். கதவத் துறந்திட்டான். போகுது. நம்மட ஆள் அஞ்சாவது. அவசரமில்ல, அது எப்பயும் அப்பிடித்தான். மரத்தடி தாண்டிட்டு. நாலாவது. வளைவு வருது, கிறுகப்போகுது. செவல வெளிப்பக்கத்தால வருது. நம்மட ஆள் உள்பக்கத்தால. மூணு. ரெண்டு. இப்ப முன்னுக்கு ஒண்டுமில்ல, புல்லு மட்டும்தான். பிஸ்மில்லாஹ். மேடு. பாரம் இழுக்குது. செவல பக்கத்துல வந்திட்டு. தலைக்குத் தல. நம்மட ஆள் விடல்ல. விடல்ல. கோடு."

வேலை முடிந்து, கத்தி துணிமேல் போய்விட்டது. பொடியன் கண்ணைச் சுவரிலிருந்து எடுக்கவில்லை. மரைக்காரும் எடுக்கவில்லை. நான் பார்த்தேன்.

"வெண்டதா?" என்றான் பொடியன்.

வென்றது என்று ஒரு சொல் சொன்னால் போதும். அதைச் சரிபார்க்கக் கல்முனையில் யார் இருக்கிறார்கள், என்னைத் தவிர?

"இல்ல மகன்" என்றார் ஒஸ்தா மாமா, மருந்துத் துணியை வைத்தபடி. "தோத்திட்டு. ஒரு கழுத்து."

பொடியன் அவரைப் பார்த்தான். உதடு பிதுங்கியது. பிறகு வீடே அதிர அழுதான். அழுகை கேட்டதும் வழக்கப்படி பெண்கள் குரவை போட்டார்கள், வெளியே பட்டாசுச் சரத்தைப் பற்றவைத்தார்கள். அந்த இரைச்சலுக்குள் மகள் ஓடிவந்து, "நோகுதா மகன், நோகுதா" என்று கேட்க, அவன் கத்தினான்:

"நோகுதுதான். நான் அதுக்கு அழல்ல. குதிர தோத்திட்டு."

ரத்தம் ஒரு துணியோடு நின்றது.

பந்தி தொடங்கியது. சஹன் என்கிற பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் இருந்து சாப்பிடுவது எங்கள் வழக்கம். ஒஸ்தாவுக்கு எந்த வீட்டிலும் குசினிப் பக்கம் தனிக் கோப்பைச் சோறுதான். யாரும் அதைத் தவறென்று நினைத்ததில்லை, நான் உட்பட. அன்று மரைக்கார் தன் சஹனில் நாலு பேரை இருத்திவிட்டு, ஐந்தாவதாகத் தானும் இருந்து, பக்கத்து இடத்தைக் கையால் துடைத்தார். என்னைப் பார்த்து, "ஒஸ்தாவ வரச் செல்லு தம்பி" என்றார்.

நான் அறைக்குப் போனேன். காயத்தில் படாமல் பொடியனுடைய துணியைக் கூரையிலிருந்து கயிறு கட்டித் தூக்கியிருந்தார்கள். ஒஸ்தா மாமா பாயோரம் இருந்து விசிறிக்கொண்டிருந்தார். செய்தியைச் சொன்னேன். விசிறி ஒரு கணம் நின்றது. பிறகு திரும்ப ஆடியது.

"புள்ள ஒண்டுக்குப் போன பொறகுதான் நான் சோத்துல கை வெக்கிற. மரைக்கார்ட்டச் செல்லுங்க தம்பி. கோவிக்கப்படா எண்டும் செல்லுங்க."

அந்த மாதிரியான சபையில் இந்தப் பதிலை எப்படிச் சொல்வது? காதோடு சொன்னேன். மரைக்கார் கழுவிய கையை உதறிவிட்டு எழுந்தார். சஹனில் இருந்த நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவர் அறை வாசலில் போய் நின்றார். உள்ளே பொடியன் கேட்டுக்கொண்டிருந்தான்.

"தோத்த பொறகு அது அழுததா ஒஸ்தா மாமா?"

"பேப்பர்ல எழுதல்ல மகன். எனக்குத் தெரியாது."

மரைக்கார் உள்ளே போய்ப் பாயின் மற்ற ஓரத்தில் குந்தினார். "இவனுக்கு இளையவன் இரிக்கான். ரெண்டு வருசத்துல செய்யணும். நீங்கதான் வரணும்" என்றார்.

"அந்தக் குதிர இனி ஓடாதாம் மரைக்கார்."

"ஓடாட்டிப் போகட்டும். தோத்தது மட்டும்தான் எனக்குத் தெரியும். வெண்டதெல்லாம் தெரியாது. முதல்லருந்து செல்லுங்க."

ஒஸ்தா மாமா என்னைப் பார்த்தார், நான் தலையாட்டினேன். வெளியே சோறு ஆறிக்கொண்டிருந்தது.

"முதல் ஓட்டம் மரைக்கார், அதுக்கு அப்ப ரெண்டு வயசு. கதவத் துறந்தா எல்லாக் குதிரையும் போயிட்டு. இது மட்டும் போகல்ல. கழுத்தத் திருப்பி அங்கால எதையோ பாத்துக்கிட்டு நிக்கிது."

"என்னத்தப் பாத்த?" என்று கேட்டது பொடியன் அல்ல. மரைக்கார்.

"அதையும் பேப்பர்ல எழுதல்ல" என்றார் ஒஸ்தா மாமா.